உள்ளங்கையில் இரண்டு தட்டு

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு ஒரு தட்டு தட்டிய தில்லையம்மாள், தம்ளர் உதட்டருகே வந்ததும் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். வீரபாகு அதற்குள் தம்ளரைச் சாய்த்துவிட்டிருந்தான். தண்ணீர் மோவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, தலையணையில் போய்த் தங்கியது. பக்கவாதத்தில் பாதி முகம் தொங்கிப் போயிருந்தும், மிச்சப் பாதியை வைத்துக்கொண்டே முழு முகத்துக்கு உண்டான முறைப்பை முறைத்தாள் அக்கா.

"நீதானக்கா வேணும்னு தட்டுன?" என்றான்.

அவன் உள்ளங்கைமேல் கிடந்த விரல் மறுபடி ஒரு தட்டு தட்டியது. ஆமாம் என்கிறாள். ஆமாம் என்பவள் ஏன் குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. நோயாளி மனசு நிமிஷத்துக்கு ஒரு பக்கம் சாயும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, துண்டால் அவள் கழுத்தைத் துடைத்தான்.

இந்தத் தட்டுகிற ஏற்பாடு அவனுடையது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் சொன்னபடி கேட்டது. முந்தின நாள் சாயங்காலம் அந்த விரலுக்குக் கீழே தன் கையை விரித்து வைத்து, ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் வேண்டாம் என்று விஸ்தாரமாக விளக்கினான். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி உதாரணமெல்லாம் சொன்னான். கடைசியில், புரிஞ்சுதா என்று கேட்டான். விரல் ஒரு தட்டு தட்டியது. வீரபாகுவுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு ஏலவார்குழலியைக் கூப்பிட்டு, அக்கா பேசுகிறாள் பார் என்று காட்டினான்.

இதில் இருந்த அநியாயம் என்னவென்றால், போன வாய் சாதாரண வாய் இல்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிகள் அத்தனையும் ஒன்றாக ஓடும்போதும் தனியாகக் கேட்ட குரல் அது. அவள் வாசலில் நின்று கீரைக்காரியைக் கூப்பிட்டால் ஒலிமுகமதுபேட்டையில் பஸ் நிற்கும். ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறாக்கள் அவள் பேச்சுக்குப் பயந்து கச்சபேஸ்வரர் கோபுரத்துக்குக் குடிபோயின என்றும், அங்கேயும் கேட்கிறதே என்று நொந்துபோய் நாலே நாளில் திரும்பிவிட்டன என்றும் தெருவில் சொல்வார்கள். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே தில்லையம்மாள்தான்.

தம்பியின் உத்தியோகத்தைத் தெருவுக்கு அறிவித்தவளும் அவளே. "எந்தம்பி மிஷினுக்கு வாயும் காதும் வெச்சி வுடுறான்" என்பாள். இது ஏறக்குறைய சரி.

கிண்டியில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வீரபாகுவுக்கு வேலை. 1976-ல் காஞ்சிபுரத்தில் அந்த வேலையை விளக்குவதைவிடக் கோயில் தேரைச் சந்துக்குள் திருப்பிவிடுவது சுலபம். கம்பெனி பழைய மெஷினைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கியிருந்தது. புதியதை ஆட்டிவைக்கிற ஆபரேட்டிங் சிஸ்டமும் வேறு. பழையதில் ஓடிய புரோகிராம்களையெல்லாம் புதியதில் ஓட்டியாக வேண்டும். கூட்டல், கழித்தல் எல்லாம் அப்படியே வந்துவிடும். இரண்டு எங்கே போனாலும் இரண்டுதானே. வம்பெல்லாம் இரண்டு முனைகளில். துளைபோட்ட அட்டையைப் படித்து உள்ளே வாங்கும் முனை ஒன்று. விடையை அச்சடித்து வெளியே தள்ளும் முனை இன்னொன்று. வாங்குவதிலும் கொடுப்பதிலும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு வழக்கம். அந்த முனைகளை மட்டும் அறுத்தெடுத்து, புது மெஷினின் வழக்கப்படி எழுதிச் சேர்ப்பது வீரபாகுவின் பாடு.

முதல் முதலாக அவன் ஓட்டிய பெயர்ப்பட்டியல் கம்பெனியில் புராணமாகிவிட்டது. அச்சடிக்கும் ஒவ்வொரு வரியின் தலையிலும் பிரிண்டருக்கு ஒரு குறி இருக்கும். பழைய மெஷினில் 'அடுத்த வரிக்கு வா' என்றிருந்த குறி, புதியதில் 'அடுத்த பக்கத்துக்கு ஓடு' என்று அர்த்தப்பட்டது. இவன் டீ குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்தால் பக்கத்துக்கு ஒரு பெயராக அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது பிரிண்டர். காகிதம் மேஜையை மூடி, நாற்காலியை மூடி, மேனேஜரை இடுப்புவரை மூடி, கதவைத் திறந்துகொண்டு சைதாப்பேட்டைப் பாலம் வரை போய் அடையாற்றில் கால் நனைத்துவிட்டுத்தான் நின்றது. பாலம் என்பது தில்லையம்மாள் சேர்த்தது. மேனேஜரின் இடுப்பு வீரபாகுவே சொன்னது. அன்றிலிருந்து எந்தக் குறியைக் கண்டாலும் அவன் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் இதற்கு என்ன அர்த்தம்?

அந்த அறையில் எந்நேரமும் குளிரும் இரைச்சலும் இருக்கும், பேச்சு இருக்காது. சைதாப்பேட்டையில் அவன் தங்கியிருந்த ஒண்டி அறையில் இரைச்சலும் இருக்காது. திங்கட்கிழமை காலையில் பஸ் கண்டக்டரிடம் 'கிண்டி ஒண்ணு' என்று சொன்னால், மறுபடி அவன் வாய் திறக்க ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும் என்று தோன்றுகிற வாரங்கள் உண்டு. ஞாயிறு விடிந்ததும் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிவிடுவான். தம்பி வருகிறான் என்று அக்கா அன்றைக்குத் தறியில் உட்கார மாட்டாள். அவள் பேசுவாள்; இவன் ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்புவான்.

உலகத்தில் அக்கா பேசாத ஒரே ஜீவன் அவள் புருஷன் கண்ணாயிரம்.

காரணம் கருடசேவை. ஒரு வைகாசியில் இரண்டு பேரும் விடியற்காலையில் சின்ன காஞ்சிபுரம் போனார்கள். கூட்டமான கூட்டம். இங்கேயே நில்லு, இதோ வந்துடறேன் என்று அவளை ஒரு பந்தல்காலடியில் நிறுத்திவிட்டுப் போன கண்ணாயிரம், பெருமாளைப் பார்த்தார். வழியில் ஒரு சிநேகிதரைப் பார்த்தார். சாயம் காய்ச்சுவதைப் பற்றி அவரோடு பேசிக்கொண்டே பிள்ளையார்பாளையம் வரை நடந்தே வந்து, பழைய சோற்றைப் பிழிந்து போட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனது அவர் நினைவிலேயே இல்லை. கருடன் போய், குடை போய், கூட்டமும் கலைந்து, பந்தல்காரன் வந்து அந்தக் காலைப் பிடுங்குகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். வீட்டுக்கு வந்தால் குறட்டை. எழுப்பினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்த மனுஷன், "எங்க போயிருந்த?" என்று கேட்டார்.

அவர்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். பிறகு பல கருடசேவை வந்துபோயிற்று. அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டார். முன்கட்டில் ஒரே தறியில் உட்கார்ந்து, ஊடைநூல் சுற்றிய நாடாக்கட்டையை அவர் சேலையின் உடலுக்குப் போட, பக்கத்தில் அமர்ந்து அவள் கரைக்கு இன்னொரு நாடாவைப் போட, இரண்டும் கோர்த்த கோர்வைச் சேலை இறங்கிக்கொண்டே இருந்தது. வாய் பேசாமல் எப்படி நெய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சேலை நன்றாக வந்தது, கேட்கத் தோன்றவில்லை.

காலை வெயில் ஏறியது. வீரபாகு ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டான். ஒரு தட்டு. எழுந்துபோய்ச் சாத்தினான். அக்கா சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏலவார்குழலி காப்பி கொண்டுவந்தாள். வாசனை அறை முழுக்கப் பரவியது. கொஞ்சம் குடிக்கிறியாக்கா என்றான். இரண்டு தட்டு. வேண்டாமாம். ஆறிப்போகுமே என்று அவள் எதிரிலேயே உட்கார்ந்து அதை அவனே குடித்தான். விரல் இன்னும் இரண்டு தட்டு தட்டியது. வேண்டாம் என்றால் வேண்டாம்க்கா, யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்லித் தம்ளரை வைத்தான்.

அப்போதுதான் கண்ணாயிரம் அறை வாசலுக்கு வந்து நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்ததிலிருந்து அவர் அந்த நிலைப்படியைத் தாண்டவில்லை. முன்கட்டில் தறியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒற்றை ஆளால் கோர்வை ஓடாது என்று தெரிந்தும் தறியில் ஏற்றிய பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தார். இப்போது வீரபாகுவைக் கண்ணால் வெளியே கூப்பிட்டார்.

"மச்சான், நான் உள்ள வர்லாமான்னு அவளை ஒரு வார்த்தை கேளு."

"இன்னா மாமா, இதுக்கெல்லாம் கேட்டுக்கினு. வாங்க நீங்க."

"இல்லப்பா. மறந்துட்டுப் போனவன் நானு. அவ கூப்புடாம போயி எதிர்ல நின்னா, போற நேரத்துல அது வேற ஒரு கோவமாப் பூடும். கேளு."

வீரபாகு உள்ளே வந்து கட்டிலோரம் குந்தினான். உள்ளங்கையை விரலுக்குக் கீழே வைத்தான். மாமா வரட்டுமா அக்கா என்று கேட்டான்.

இரண்டு தட்டு.

அவன் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பாவம்க்கா, வாசல்லயே நிக்கிறாரு என்றான். இரண்டு தட்டு. இன்னும் அழுத்தமாக. ஒரே ஒரு நிமிஷம், சும்மா வந்து பார்த்துட்டுப் போகட்டும் என்றான். விரல் அவன் கையில் ஆணி அடிக்கிற மாதிரி இரண்டு முறை இறங்கியது. நல்ல கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு பிடிவாதமா என்று அவன் மலைத்துப்போனான். சரி, சரி, அழாதே, வரச் சொல்லலை என்று அவள் கையைத் தடவிக்கொடுத்தான்.

வெளியே வந்தபோது மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வேணாங்குது மாமா."

"வேணாமா?" என்றார் கண்ணாயிரம். "சரி, அவ இஷ்டம்" என்றார். போய்த் தறியில், தன் இடத்தில் உட்கார்ந்தார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம், எல்லாத் தறியும் ஓய்ந்து தெருவே குட்டித்தூக்கம் போடுகிற வேளையில், தில்லையம்மாளின் மூச்சு மாறியது. வீரபாகு விரலைப் பற்றிக்கொண்டு, என்னக்கா, என்னக்கா என்றான். விரல் எதுவும் சொல்லவில்லை. அவள் வாசல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. அவன் கத்தியது கேட்டுத்தான் கண்ணாயிரம் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். வந்த கூட்டம் சொல்லி மாளாது. அவள் ஆயுசில் வைது தீர்த்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள் என்றால் பாதி காஞ்சிபுரம் வந்திருந்தது என்று அர்த்தம். கீரைக்காரி ஒரு கட்டு முளைக்கீரையை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, இனி யார் என்னிடம் பேரம் பேசுவார்கள் என்று அழுதாள். பறைக்காரர்கள் அடித்த அடியில் தெருநாய்கள் எல்லாம் திருப்பருத்திக்குன்றத்துக்கு ஓடிவிட்டன. ஆனாலும் அந்த வீட்டில் என்னவோ சத்தமே இல்லாத மாதிரி இருந்தது வீரபாகுவுக்கு. கண்ணாயிரம் கொள்ளி வைக்கும்போதும் தள்ளியே நின்று, கையை மட்டும் நீட்டினார். கூப்பிடாத வீட்டுக்குள் போகிறவர் மாதிரி இருந்தார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் சர்வதீர்த்தக் குளத்தில் இறங்கி எல்லோரும் முழுகினார்கள். ஒவ்வொருவராகக் கரையேறிப் போனபின், கண்ணாயிரம் படியிலேயே நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்ததையே பிழிந்துகொண்டிருந்தார்.

"மச்சான், ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்காத. வேணாம்னு எப்டி சொன்னா? மூஞ்சைத் திருப்பிக்கினாளா?"

"இல்ல மாமா. எங்கைல விரலால தட்டினா. அதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு."

"எத்தினி தட்டு?"

"ரெண்டு."

கண்ணாயிரத்தின் கை நின்றுவிட்டது. வேட்டியின் முனை தண்ணீரில் விழுந்தது.

"ஒண்ணு இல்லியே?"

"இல்ல மாமா. ரெண்டுதான். நானும் மாத்தி மாத்தி கேட்டேன். ஒவ்வொரு தபாவும் ரெண்டு."

மாமா மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் இடுப்புவரை இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"மச்சான், தறில ஒக்காந்துக்கினு அவ எப்டி எங்கூட பேசுவான்னு நெனைக்கிற? கைல இருக்கிற நாடாவால தறிமரத்துல தட்டுவா. நூலு அறுந்துட்டா ஒரு தட்டு. நிறுத்துன்னு அர்த்தம். நான் பீடி புடிக்க எழுந்து போயிட்டன்னா ரெண்டு தட்டு." அவர் வாய் கோணிக்கொண்டு போயிற்று. அழப்போகிறார் என்று வீரபாகு பயந்தான். கண்ணாயிரம் சிரித்தார். "வான்னு அர்த்தம்பா. வந்து ஒக்காருன்னு அர்த்தம். இத்தினி வருசமா அந்த ஒரு சத்தத்துலதான் நான் குடும்பம் நடத்துனேன்."

வீரபாகு குளத்தைப் பார்த்தான். மோவாயில் வழிந்த தண்ணீர் அவனுக்குத் தெரிந்தது. நிறுத்து என்றிருக்கிறாள். ஜன்னலைச் சாத்தாதே என்றிருக்கிறாள். காப்பியைக் கொண்டா என்றிருக்கிறாள். அவனோ அவள் எதிரில் உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்திருக்கிறான். புரிஞ்சுதா என்று கேட்டபோது விழுந்த அந்த முதல் தட்டு, போதும் நிறுத்துடா என்று. அவன் விளக்கிச் சொன்னது எதுவும் அவளுக்குள் போகவே இல்லை. கை அதற்குப் பழகியதைத் தட்டிக்கொண்டிருந்தது. வேற்று மெஷினின் சின்னக் குறி ஒன்றைக்கூட அர்த்தம் கேட்காமல் விடாதவன், அவள் தட்டுக்கு அர்த்தம் கேட்கவில்லை. கேட்க, பக்கத்து அறையிலேயே ஆள் இருந்தார்.

"மாமா, நாந்தான் உங்கள..." என்று ஆரம்பித்தான்.

"மூணு தபா கேட்டியா?" என்றார் கண்ணாயிரம். "மூணு தபாவும் ரெண்டா?"

"மூணு தபாவும்."

"அழுத்தித் தட்டினாளா? சும்மா மேலாப்புலயா?"

"அழுத்தித்தான் மாமா."

"அப்டித்தான் தட்டுவா. மரமே அதிரும்." எழுந்து, ஈர வேட்டியைப் பிழியாமலே சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினார். மேல்படியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பங்காளி ஒருவரிடம் போய் நின்று, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். தெருமுனை சைக்கிள் கடையில் நின்று ஒரு முறை சொன்னார். வீட்டு வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்ற ஏலவார்குழலியிடம் சொன்னபோது, அவள் வீரபாகுவைத் திரும்பிப் பார்த்தாள். காப்பி கொண்டுவந்தவள் அவள்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எதிர்வீட்டிலிருந்து சோறும் ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் வந்தன. முன்கட்டில் தறிக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் இலை போட்டார்கள். முந்தின நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத கண்ணாயிரம் முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நீயும் உட்காரேன்பா என்று யாரோ வீரபாகுவிடம் சொன்னார்கள். நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்று அவன் ரச வாளியை எடுத்துக்கொண்டான்.

மாமா பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குள் கதை கொஞ்சம் வளர்ந்திருந்தது. கட்டில் அதிர்ந்தது என்றார். சத்தம் முன்கட்டு வரைக்கும் கேட்டது, நான்தான் எலி என்று நினைத்துவிட்டேன் என்றார். இவ்வளவு பேசுகிற மனுஷனை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பேச்சோடு பேச்சாக இலையைக் காட்டி, ஊத்து மச்சான் என்றார். வீரபாகு ஊற்றினான். இன்னும் கொஞ்சம் என்றார். ஊற்றினான். ரசம் சோற்றைத் தாண்டி, இலையைத் தாண்டி, தரையில் ஓடிற்று. அவர் பார்க்கவில்லை. வீரபாகு வாளியை வைத்துவிட்டு ஒரு பழந்துணியை எடுத்துவந்து, அவர் முழங்காலருகே குந்தித் துடைக்க ஆரம்பித்தான்.

பக்கத்து இலைக்காரர் நம்பாதவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"நீயே சொல்லு மச்சான்" என்றார் கண்ணாயிரம், சோற்றுக் கையோடு திரும்பி. "எத்தினி தட்டு?"

"ரெண்டு மாமா" என்றான் வீரபாகு, தலை நிமிராமல், ஈரத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டே.